ஆறாவது பூட்டு

மின் அறையில் மூன்றாம் எண் ஸ்விட்சில் தொங்கிய ஆறு பூட்டுகளில் ஐந்து கழன்றுவிட்டன. ஆறாவது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் கட்டிய அட்டையில் நார்சிசோ பனாலிகனின் படம். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே எடுத்துவிட்ட படம். அதன் முன்னால் எஞ்சினியர் வில்லாலுஸ் நின்றார். அவர் கையில் இரும்பு வெட்டும் பெரிய கத்தரி. மணி மூன்றே கால். வெளியே ஆலை வாசலிலிருந்து பாலம் வரைக்கும் அறுபத்து மூன்று லாரிகள் கரும்போடு வெயிலில் நின்றன.

இந்தப் பூட்டு முறையை ஆலைக்குள் கொண்டுவந்தவள் நான். ஓடும் இயந்திரத்துக்குள் கை வைக்கப்போகும் எவரும் முதலில் அதன் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். ஆறு பேர் இறங்கினால் ஆறு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது பூட்டின் சொந்தக்காரரிடம் இருக்கும். வெளியே வந்து அவரவர் பூட்டை அவரவரே கழற்றினால்தான் ஸ்விட்ச் மேலே ஏறும். ஒன்பது வருடங்களுக்கு முன் நான் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்து இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிளுக்குத்தான் பூட்டு, கரும்பு ஆலைக்குமா என்றார்கள். ஹெல்மெட் போடாதவர்கள் பின்னால் நான் அலைவதைப் பார்த்து ஹெல்மெட் மாதா என்று பெயர் வைத்தார்கள். நான் வரும்போது யாராவது ஒருவர் மெல்ல, "ஹெல்மெட் மாதாவே" என்பார். மற்றவர்கள் கூட்டாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. உண்மையிலேயே வேண்டிக்கொள்ளத்தான் செய்தேன். காலையில் செபமாலை சொல்லி முடித்ததும், பூட்டு வாங்கியவர்களின் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்தோரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் குழந்தை ஏசு திருநாள். காலை பதினொரு மணிக்குக் கரும்புக்கு நடுவே ஒரு லாரிச் சங்கிலித் துண்டு உள்ளே வந்து, கரும்பை நறுக்கும் கத்திகளில் மூன்றை உடைத்துவிட்டது. கேரியர் நின்றது. கரும்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறும் சங்கிலிப் பாதை அது. அது நின்றால் ஆலை முழுதும் நின்ற மாதிரிதான். நார்சிசோ தலைமையில் ஆறு ஃபிட்டர்கள் அதன் ஸ்விட்சில் பூட்டைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். கேரியரின் வால்பக்கக் குழியில் ஆள் உயரத்துக்கு நொறுங்கிய கரும்பு அடைத்திருந்ததால், அதை அள்ளிப்போட காண்ட்ராக்டரின் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. கத்தி மாட்டியாயிற்று, குழி காலியாயிற்று என்று மேஸ்திரி சொன்னார். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார், நானும் பார்த்தேன், யாரும் இல்லை. நான் நான்கு முறை கூப்பிட்டேன். பம்பின் இரைச்சல் தவிர பதில் இல்லை. வாசல் நோட்டில் காண்ட்ராக்டரின் தலையாள், 'நான்கு பேர் வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். நார்சிசோவும் இரண்டு பத்துக்கு வெளியே போனதாகக் கையெழுத்து. எல்லாம் சரி. பூட்டு மட்டும் தொங்கியது.

மறந்துபோய்ச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவருடைய போனுக்கு அடித்தபோது உடை மாற்றும் அறையில், அவருடைய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

"சேவல்கிட்டயா பேசப்போறீங்க?" என்றார் எஞ்சினியர். சிரிப்பு அவர் கண்ணுக்கு ஏறவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாதவர். சட்டை முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. "இங்க பாருங்க ரெமி மேடம். பூட்டு யாரோட உசுருக்கு? நார்சிசோவோட உசுருக்கு. அந்த உசுரு இப்போ சான் ரோக்கே ஊர்ல சப்பரம் தூக்கிட்டிருக்கு. நல்லா, பத்திரமா. நீங்க போட்ட ரூல்படியே வெட்டலாம்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டணும்னும் ரூல்ல இருக்கு சார்."

"கேக்கத்தான் ஆளு இல்லையே."

"நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

அவர் ஜன்னலைக் காட்டினார். கொதிகலனின் புகை மெலிந்திருந்தது. கரும்பு அரைபட்டால்தான் சக்கை வரும், சக்கை வந்தால்தான் கொதிகலன் எரியும். "இன்னும் ஒரு மணி நேரத்துச் சக்கைதான் கிடக்கு. கொதிகலன் அணைஞ்சா மறுபடி மூட்ட நாளைக்கு மத்தியானம் ஆகும். அந்த லாரிக்காரங்கள்ல பாதிப் பேருக்கு நாளைக்கு வீட்டுல பந்தி. வெட்டின கரும்பு வெயில்ல கெடக்கக் கெடக்க இனிப்பு எறங்குது. நான் கெட்டவன் இல்ல மேடம்."

"தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன்."

கத்தரியைக் கைமாற்றிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி. நாலு அடிச்சா வெட்டுவேன். அப்புறம் என்னைப் பத்தி மாதாகிட்ட கோள் சொல்லக்கூடாது."

"நாலுக்கு முன்னாடி?"

"நாலுன்னா நாலு."

வாசல் காவலர் பிதோயின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். லாரி வரிசை முடியவே இல்லை. சக்கரத்துக்கு நடுவே தூளி கட்டித் தூங்குகிறவர்கள், சீட்டு ஆடுகிறவர்கள், கரும்பின் மேல் ஏறி உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி கரும்பையே கடிக்கிறவர்கள். "ஹெல்மெட் மாதா, எங்க ஓடறீங்க? எந்திரத்தையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒருவர் கத்தினார். "சாவி தேடப் போறாங்க, மோட்சத்து வாசலையே பூட்டிட்டாங்களாம்!" என்று இன்னொருவர். பிதோய் சிரித்துச் சிரித்து வண்டி ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நார்சிசோவை என்ன சொல்லித் திட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல மனிதர், ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட ஹெல்மெட் இல்லாமல் பார்த்ததில்லை, அவரே இப்படிச் செய்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தொடங்கி, பொறுப்பு என்பது என்ன என்று முடியும் ஒரு பேச்சு. அழகாக வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குப் பங்குச்சாமிக்குக் கடன் கொடுக்கலாம் போல.

சான் ரோக்கேயில் மேளச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் வறுத்த பன்றியின் வாசனை, அப்புறம் சப்பரம். பதினாறு பேர் தோளில் குழந்தை ஏசு ஆடி ஆடி வந்தார். சிவப்புப் பட்டும் பொன் கிரீடமுமாக, கையில் உலக உருண்டை. முன்னால் சின்னப் பிள்ளைகள் அதே மாதிரிச் சிவப்பு உடுத்தி, காகிதக் கிரீடம் கண்ணை மறைக்க, தடுமாறி ஆடிக்கொண்டு வந்தார்கள். நார்சிசோ இடது பக்கம் மூன்றாவது ஆள். செருப்பில்லாத கால். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, அதே கயிற்றில் சின்னதாக ஒரு சாவி. தலையில் ஹெல்மெட்டோடு நான் சப்பரத்தின் பக்கவாட்டில் நடந்தேன். சனங்கள் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"மனோங் சிசோ!" என்று அண்ணன் முறை வைத்து அழைத்தேன்.

திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, ரெமி மேடம்! நீங்களும் நேர்ச்சையா? ஹெல்மெட் எதுக்கு, குழந்தை தலையில விழமாட்டாரு."

"உங்க பூட்டு."

"தொங்குதா?"

"தொங்குது."

"அப்பாடா," என்றார்.

அவர் முகத்தில் வெட்கம் வரும், பதற்றம் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் அதற்காகத் தயாராக இருந்தது. ஆனால் வந்தது நிம்மதி. வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று வழியெல்லாம் கவலைப்பட்டவருக்கு அணைத்தாயிற்று என்று சேதி வந்தது போல.

"அப்பாடான்னா என்ன அர்த்தம் மனோங்?"

"தொங்கணும்ல மேடம்? பண்டியோ கீழ இருக்கானே."

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் அவர் உதட்டையே பார்த்தேன். எந்தப் பண்டியோ என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் ஆளு. தூரத்து அந்திக்கேலேருந்து பொழைக்க வந்தவன். குழிக்கு அடியில வடிகால் இருக்குல்ல, மூலை திரும்பி? அதுல கரும்புத்தூளு கெட்டியா அடைச்சிருக்கு. மத்த மூணு பேரும் திருநாளுக்கு ஓடிட்டானுங்க. இவனுக்கு இங்க யார் வீட்டுல பந்தி? நான் முடிச்சிட்டே வரேன்னான். ஒருத்தன் உள்ள இருக்கும்போது நான் எப்படி பூட்டைக் கழட்டறது? சப்பரம் கோயிலுக்குப் போனதும் வந்து கழட்டறேன், அதுவரைக்கும் என் பூட்டு தொங்கும், ஒண்ணும் சுத்தாது, பயப்படாதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மணி மூன்று ஐம்பத்து மூன்று.

எஞ்சினியருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். ஒரு பலகாரக் கடையின் உள்ளே ஓடி, சாமான் மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு மூன்றாவது முறை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைக்காரி என்ன வேண்டும் என்று கேட்டாள். ஏசுவே, ஏசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு செபம் வரவில்லை. குழி எப்படி என்று எனக்குத் தெரியும். கேரியர் சுற்ற ஆரம்பித்தால் இரும்புப் பலகைகள் வரிசையாக அந்தக் குழிக்குள் இறங்கித் திரும்பி ஏறும். வடிகாலின் வாய் பலகைகளுக்கு ஒரு முழம் தள்ளித்தான்.

"என்ன மேடம்?" என்றார் எஞ்சினியர்.

"சார், வெட்டிட்டீங்களா?"

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குல்ல. கத்தரியை மடியில வெச்சிட்டு உக்காந்திருக்கேன். கோழி அடைகாக்கற மாதிரி. கிடைச்சானா?"

"கீழ ஒரு ஆள் இருக்கார் சார். வால்பக்கக் குழியில, வடிகால் மூலைல."

மறுபக்கத்தில் கனமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"நாலு பேரும் போயாச்சுன்னு நோட்டுல..."

"மூணு பேர்தான் சார் போயிருக்காங்க."

அவர் போனை அணைக்க மறந்து ஓடியிருக்க வேண்டும். பூட்ஸ் சத்தமும் மூச்சும் எனக்குக் கேட்டன, பின்னால் பம்பின் இரைச்சல் வர வரப் பெரிதாகிக்கொண்டே வந்தது. "பண்டியோ! அடேய் பண்டியோ!" என்று அந்த மனிதர் கத்தினார். நான் பெயரைச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கிறேன் போல, அல்லது அவருக்கே தெரிந்திருக்கலாம். நெடுநேரம் கழித்து, நெடுநேரம் என்றால் ஒரு நிமிடம் இருக்கும், வேறு ஒரு குரல் கேட்டது. என்ன சார், என்றது அது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவனின் குரல் போலச் சாதாரணமாக.

நான் கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

பூட்டை நார்சிசோதான் கழற்ற வேண்டும், அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் சப்பரத்தின் தண்டை நடுவழியில் விட முடியாது. நான் பிதோயைப் பார்த்தேன்.

"மேடம், நான் யூனிஃபார்ம்ல இருக்கேன்."

"குழந்தைக்கு அது தெரியாது."

"பாவசங்கீர்த்தனம் பண்ணியே மூணு வருசம் ஆச்சு மேடம்."

"அடேய், தூக்கு. கோயிலுக்குத்தானே போறே, அங்க போய்ப் பண்ணிக்கோ," என்றார் நார்சிசோ. நகரும் சப்பரத்தின் கீழே தோள் மாறியது. விசில் கயிறும் தொப்பியுமாகப் பிதோய் குழந்தை ஏசுவைச் சுமந்துகொண்டு போனான். முன்னே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, "எங்களை எல்லாம் அரெஸ்ட் பண்ணிட்டாங்கடா!" என்று சிரித்தார்கள்.

வண்டியை நான் ஓட்டினேன். நார்சிசோ வெறுங்காலோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். பாலத்தைத் தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் மனோங் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா கழட்டச் சொல்லுவீங்க மேடம்."

"நானா?"

"நீங்கதான க்ளாசுல சொன்னீங்க. உன் பூட்டு உன் உடம்புக்கு மட்டும், அடுத்தவனுக்காக மாட்டாதேன்னு. போர்டுல படம்கூட போட்டீங்க. சரிதான் அது. எனக்குப் பதில் வர்ற ரொலாண்டோகிட்ட பூட்டை மாத்திக்கோன்னு கேட்டேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு நம்ம பூட்டு கிடையாதுன்னான். அவன் சொன்னதும் சரிதான். எல்லாரும் சரியாத்தான் சொன்னாங்க." பிறகு மெல்ல, "நான் பண்ணது தப்புதான். சொல்லிட்டுப் போயிருக்கணும். சப்பரத்துக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். எத்தனை நாள் வேலையிலேருந்து நிறுத்துவாங்க மேடம்?"

அந்தப் படம் நினைவுக்கு வந்தது. ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு மனிதன் என்று சாக்பீசால் வரைந்தது. அக்டோபரில் அறுபது பூட்டு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருந்தேன். காண்ட்ராக்டரின் ஆட்கள் அவனுடைய பொறுப்பு, நமக்கு நாற்பத்தொன்று போதும் என்று பதில் வந்தபோது, அதுவும் முறைதானே என்று கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த நாற்பத்தோரு பெயரையும் சொல்லிக் கடவுளிடம் கொடுத்தேன். நான் கொடுத்த பட்டியலைத் தாண்டியும் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது. நன்றியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வண்டிக் கண்ணாடியில் பார்த்திருந்தால், காற்றில் கண் கலங்கியது என்று மனோங் நினைத்திருப்பார்.

நாங்கள் போனபோது பண்டியோ மேலே வந்து, குழிக்கு இறங்கும் ஏணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலை முதல் கால் வரை கரும்புச்சேறு காய்ந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. காதில் அடைத்திருந்த துணியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அவருக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் எஞ்சினியர். அவருடைய தண்ணீர்ப் பாட்டிலும், மத்தியானம் சாப்பிடாமல் வைத்திருந்த வெல்லம் வைத்த ரொட்டியும் பண்டியோவின் கையில் இருந்தன. சாப்பிடலாமா என்று தெரியாமல் அவர் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்று அவரையே பார்த்தார்கள்.

நார்சிசோவைக் கண்டதும்தான் முகத்தில் தெளிவு வந்தது. "மனோங், நான் என்ன தப்பு பண்ணேன்? சார் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கறாரு. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ ஒண்ணும் பண்ணலடா. சாப்பிடு," என்றார் நார்சிசோ.

"பூட்டு தொங்குதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதான் நான் பாட்டுக்கு வேலை பாத்தேன்."

மேஸ்திரி தன் டார்ச்சை ஒரு முறை எரித்து அணைத்தார். எஞ்சினியர் மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே நின்ற லாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அஞ்சு நிமிஷம் மேடம். வெறும் அஞ்சு நிமிஷம்." "நான் மூணே காலுக்கே வெட்டியிருப்பேன். நீங்க இல்லேன்னா."

"நான் இருந்ததும்தான் சார் காரணம். பூட்டு இல்லாம அவரை இறக்கினது நான் போட்ட கையெழுத்து."

"சிசோவை என்ன பண்றது? ரூலை மீறிட்டானே."

"நடந்ததை நடந்த மாதிரி எழுதறேன் சார். அவர் சொல்லாம போனதையும் எழுதறேன். ஆனா முதல் வரில என் பேரு இருக்கும். ரூலை மீறினவரைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம், எழுதினவளை என்ன பண்றதுன்னு முதல்ல யோசிங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, மூன்றே காலிலிருந்து முதல் தடவையாக, கண் வரைக்கும் சிரித்தார். "மாதாவையே வேலையிலேருந்து நிறுத்தினா ஊர்ல எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

சரி, கழற்றலாம், ஓட்டலாம் என்று எல்லோரும் எழுந்தபோது பண்டியோ ரொட்டியைக் கீழே வைத்தார். தயங்கித் தயங்கி நார்சிசோவிடம்தான் சொன்னார். "மனோங், வடிகால் இன்னும் பாதி அடைச்சுத்தான் கெடக்கு. தண்ணி எறங்காது. இப்ப ஓட்டினா நாளைக்குக் காலைல மறுபடி நிக்கும். பூசை நேரத்துல."

"எவ்வளவு நேரம் வேணும்?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"அரை மணி சார். கொறைச்சலாக்கூட..." என்று ஆரம்பித்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரை மணி," என்று முடித்தார்.

சாலையிலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. கொதிகலன் பக்கமிருந்து ஒருவர் வந்து, சக்கை முற்றத்தின் மூலைக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நின்றார். எல்லோரும் எஞ்சினியரையே பார்த்தோம். அவர் விருட்டென்று தன் அறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சிவப்புப் பூட்டு இருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த அவருடைய சொந்தப் பூட்டு. இதுவரை எந்த இயந்திரத்துக்குள்ளும் அவர் இறங்க வேண்டியிருந்ததில்லை, அதனால் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

"லாரிக்காரங்ககிட்ட அரை மணின்னு சொல்லுங்க," என்றார் மேஸ்திரியிடம். "கொதிகலனுக்கு விறகு போடச் சொல்லுங்க. அணைஞ்சா அணையட்டும்." பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்து, "இது பண்டியோவுக்கு," என்று என்னிடம் கொடுத்தார்.

மின் அறைக்குள் ஒரே சமயத்தில் இத்தனை பேர் நின்று நான் பார்த்ததில்லை. நார்சிசோ கழுத்துக் கயிற்றைத் தூக்கிச் சாவியைப் பிடித்தபடி நின்றார், கழற்றவில்லை. "இவன் முதல்ல மாட்டட்டும் மேடம்," என்றார். சரிதான் என்றேன். எஞ்சினியர் பெயர் இருந்த அட்டையை எடுத்துவிட்டு வெற்று அட்டையில் எழுத நான் பேனாவைத் திறந்தேன். முழுப்பெயர் கேட்டேன்.

"பண்டியோதான்."

"ஞானஸ்நானத்துல வெச்ச பேரு?"

கொஞ்சம் யோசித்தார், யாருடைய பெயரையோ நினைவுபடுத்திக்கொள்வது போல. "அபுந்தியோ. அபுந்தியோ மக்பானுவா." நான் எழுதுவதை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "இதுக்கு நான் ஏதாவது கட்டணுமா மேடம்? காண்ட்ராக்டர் பிடிச்சுக்குவாரா?"

"இல்ல. இது உங்களுது."

"குழி முடியற வரைக்குமா?"

"இல்ல," என்றேன். "உங்களுது."

பூட்டை வாங்கிக் கையில் எடை பார்த்தார். ஸ்விட்சின் கொக்கியில், நார்சிசோவின் பூட்டுக்குப் பக்கத்துத் துளையில் மாட்டி அழுத்தினார். டக்கென்று விழுந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் நார்சிசோ தன்னுடையதைக் கழற்றினார். சாவியை எங்கே வைப்பது என்று பண்டியோவுக்குத் தெரியவில்லை. அரைக்கால் சட்டையில் பை இல்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதன் முனையில் சாவியை முடிந்து, மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கதவோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரோ ஒருவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டார். நான் சொல்லாமலே.

குழியின் வாயில் எஞ்சினியர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பம்ப் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், அவர் டார்ச்சை மூன்று முறை எரித்து அணைக்க வேண்டும், பண்டியோ கடப்பாரையால் சுவரில் மூன்று முறை தட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பண்டியோ ஏணியில் இறங்கினார். ஹெல்மெட் கொஞ்ச நேரம் தெரிந்தது, மூலை திரும்பியதும் மறைந்தது. திரும்பிச் சப்பரத்துக்குப் போங்கள் என்று நார்சிசோவிடம் சொன்னேன். போகிறேன் என்று தலையாட்டிவிட்டு எஞ்சினியரின் பக்கத்தில் வெறுங்காலைத் தொங்கப்போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார்.

சாலையில் ஹாரன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. எஞ்சினியர் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து, டார்ச்சை மூலைப் பக்கம் நீட்டி மூன்று முறை எரித்தார். வெளிச்சம் ஈரச் சுவரில் பட்டு அணைந்தது. நாங்கள் மூவரும் காதைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரம் பம்ப் மட்டும்தான் கேட்டது. பிறகு பூமிக்கு அடியிலிருந்து, அவசரமில்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று.